மலர்கொடி வைக்காத உப்பு

வேண்டுமென்றே செய்தாளாம். பெற்ற மகளை, அவளோடு படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி மானத்தை வாங்க வேண்டும் என்று மலர்கொடி மனதில் வைத்திருந்து செய்தாளாம். குழாயடியில் விருத்தாம்பாள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கிறவர்களும் குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் கேட்கிறார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: நீ அங்கே இருந்தாயா? இல்லை. நான் இருந்தேன். மியூசியத்துக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், பூவரச மரத்தடியில், வேகவைத்த வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். மலர்கொடி நிற்கிற உப்புப் பாத்தியில் யாராவது தும்மினால் எனக்குக் கேட்கும். "ஒனக்கு அவ மேல பாசம் ஆயா, அதான் வக்காலத்து வாங்குற" என்கிறாள் விருத்தாம்பாள். பாசம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். பாசம் உள்ளவளுக்குக் கண் இருக்கக் கூடாதா?

மலர்கொடி, முன்பு நானும் வேலை பார்த்த மரக்காணத்து உப்பளத்தில் தாவணி போட்ட வயதில் இறங்கியவள். இப்போது நாற்பதைத் தொடப் போகிறாள். உப்பின் வெள்ளை வெயிலில் எகிறி அடித்து அடித்து, கண்ணை முழுசாகத் திறக்கிற பழக்கமே அவளுக்குப் போய்விட்டது. நிழலில் நின்றாலும் இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பாள். தெரியாதவர்கள் முறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி வம்பு அதிலேயே வந்தது. எந்தத் தரையானாலும் கட்டைவிரலால் சூடு பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பாள். ஏசி போட்ட அறையில், டைல்ஸ் பதித்த தரையிலும் அப்படித்தான். சிரிப்பு வந்தால் புறங்கையால் பல்லை மூடுவாள். கோபம் வந்தால், "கெடக்குது வுடு" என்பாள், அதோடு சரி. புருஷன் மாயவன் உப்பு லாரியில் லோடு ஏற்றப் போனவன், திண்டிவனத்தில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான் என்று செய்தி வந்த அன்றைக்கும் அவள் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான்.

ஈசிஆர் ரோட்டில் உணவு மியூசியம் வந்தபோது, சாப்பாட்டுக்கு ஒரு மியூசியமா என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். யாரோ டிரஸ்ட்டுக்காரர்கள் கட்டினார்கள். உள்ளே ஒரு அறை முழுக்கக் கேழ்வரகு, சாமை, வரகு. ஒரு அறை முழுக்க உரலும் அம்மியும். இன்னொரு அறையில் சுண்ணாம்பில் செய்து சாயம் பூசிய இட்லி, வடை, நண்டு. பின்பக்கம் நிஜமான உப்புப் பாத்தி நான்கு வெட்டி, கடல் தண்ணீர் விட்டார்கள். பாத்தி இருந்தால் போதுமா, அதில் இறங்கி உப்பு வாரிக் காட்ட ஒரு பொம்பளை வேண்டுமே. மேனேஜர் காசிலிங்கம் அளத்துக்கே வந்து கேட்டார். மழை பிடித்துவிட்டால் எங்கள் வேலை படுத்துவிடும், அடுத்த வெயில் வரைக்கும் உலை வைப்பதே பாடு. மியூசியத்தில் மழைக்கும் சம்பளம் உண்டு. மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்று மலர்கொடி நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. போனாள்.

பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வருவார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்று போர்டைப் படிக்கத் தெரியாத எனக்கே தெரிந்துவிடும். சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிடும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஷூவோடு பாத்தி வரப்பு வரைக்கும் வரும். டீச்சர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான்: வாயில் விரல் வை, வரிசையை விட்டு வெளியே வராதே. தானிய அறையைச் சுற்றி வந்த பிள்ளைகள் பிரியாணி எந்த ரூமில் இருக்கிறது என்று கேட்கும். ஒருமுறை ஒரு வாண்டு சுண்ணாம்பு வடையைக் கடித்தே விட்டது. மலர்கொடி அந்தப் பல் தடம் தெரியாமல் வடையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். இன்றைக்கும் அது அப்படித்தான் இருக்கிறது, போனால் பாருங்கள்.

அவளுக்கு ஒரு வேஷச் சேலை கொடுத்திருந்தார்கள். கட்டம் போட்டது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிற மாதிரி கட்டச் சொன்னார்கள். நாங்கள் அளத்துக்கு நைட்டி மேல் சட்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள். "எங்க பாட்டிகூட இப்பிடிக் கட்டனதில்ல ஆயா" என்று சிரித்தாள். பேசுவதற்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முன்னொரு காலத்தில் உப்பளத் தொழிலாளர்கள் விடியற்காலையில் நீராகாரம் குடித்துவிட்டு, கருவாட்டுத் துண்டோடு வேலைக்குப் போவார்கள் என்று ஆரம்பிக்கும். அதைப் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, மதியம் சுவர் மறைவில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பாள். உள்ளே என்ன இருக்கும்? நீராகாரமும் கருவாடும்தான். ஒரு நாள் பாத்ரூம் தேடி வந்த பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், அந்த ஆன்ட்டி டிஸ்ப்ளேல இருக்கறத எடுத்துச் சாப்பிடுறாங்க" என்று கத்திக்கொண்டு ஓடினான். அன்றிலிருந்து ஜெனரேட்டர் ஷெட்டுக்குள் போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டார் காசிலிங்கம். ஷெட்டில் டீசல் நாற்றம். வாளியை மூடியால் பாதி மறைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிப் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கடைசி இடம் உப்புப் பாத்தி. அங்கே ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை புது உப்பை வைக்க வேண்டும், அது நக்கிப் பார்க்கும், படம் எடுப்பார்கள். காசிலிங்கம் இதைச் சொன்ன முதல் நாளே மலர்கொடி முடியாது என்றாள். உப்பைக் கைக்குக் கை கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். அளத்தில் மூட்டை தூக்கிவிடுவோம், கூடை ஏற்றிவிடுவோம், அது வேலை. வீட்டில் ஒரு பிடி உப்பை ஒருத்தர் கையில் வைக்க மாட்டோம். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். காசிலிங்கம் சிரித்துவிட்டு, குழந்தைகளோடு உனக்கு என்னம்மா சண்டை வரப்போகிறது என்றார். மலர்கொடி ஒரு நாள் முழுக்க அதை யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "ஊரான் புள்ளைங்க, பஸ் ஏறிப் பூடுதுங்க. எங்கிட்ட சண்டைக்கு வரவா போவுதுங்க?" என்றாள். அன்றிலிருந்து வைத்தாள். எத்தனை எத்தனை கையில் வைத்திருப்பாள்! ஒரு சண்டையும் வரவில்லை.

மகள் பிரியதர்ஷினியைப் பாண்டிச்சேரி போகிற வழியில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர்த்தாள். எங்கள் ஊரிலிருந்து அங்கே போகிற பிள்ளை அது ஒன்றுதான். அம்மா என்ன வேலை என்று கேட்டவர்களிடம், மியூசியத்தில் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருந்தது. ஆபீசும் மியூசியத்துக்குள்தானே இருக்கிறது என்று மலர்கொடி அதற்கும் சிரித்தாள். நான் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். கட்டச் சேலையில் கெண்டைக்கால் தெரிய நிற்பவளை என் அம்மா என்று காட்ட எந்த வயதில் தைரியம் வருமோ, அந்த வயது அதற்கு இன்னும் வரவில்லை.

ஒரு நாள் அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு, மியூசியத்துக்கு வருகிறது என்று ஆயிற்று. பிள்ளை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டது. மலர்கொடிக்குப் புரியாமல் இல்லை. எல்லாப் பிள்ளையும் போகும்போது நீ மட்டும் வீட்டில் கிடப்பாயா, வா, உன்னை யாரென்றே நான் கேட்க மாட்டேன் என்று அவளாகத்தான் சொன்னாள். சத்தியம் பண்ணச் சொன்னதாம். பண்ணினாள். காலையில் என் கூடைப் பக்கம் வந்து, "இன்னிக்கு எம்பொண்ணு வருது ஆயா. நீயும் அத்தத் தெரியாத மாதிரி இருந்துக்க" என்றாள். ஏதோ விளையாட்டுப் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வேஷச் சேலைக்கு இஸ்திரி போட்டிருந்தாள். அம்மாவும் மகளும் எங்கே நிற்பது, எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று எல்லாவற்றையும் பேசி வைத்திருந்தார்கள். உப்பை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

பாத்தி ஓரமாகப் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நீட்டின. பிரியதர்ஷினி பின்னால் நழுவப் பார்த்தது; டீச்சர் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். காசிலிங்கம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மலர்கொடி ஒவ்வொரு கையாக உப்பு வைத்துக்கொண்டே வந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கையைத்தான் பார்த்தாள். உப்பை எடுத்த விரல் அந்தக் கைக்கு மேலே போய் நின்றது. நின்றதா, அப்படியே நகர்ந்து அடுத்த பிள்ளையின் கையில் வைத்துவிட்டாள்.

அதோடு போயிருக்கும். பக்கத்தில் நின்ற பிள்ளை சும்மா இருக்கவில்லை. மிஸ், இவளுக்கு வரல என்றது. டீச்சர் திரும்பி, "ஏம்மா, ஒரு பொண்ண வுட்டுட்டியே" என்றாள்.

"அதுக்கு வாணாங்க" என்றாள் மலர்கொடி.

அது என்ன பாவம் பண்ணியது என்று டீச்சர் கேட்க, பிள்ளைகள் சிரித்தன. காசிலிங்கம், வையம்மா, போட்டோ எடுக்கணும் என்று அவசரப்படுத்தினார். பிரியதர்ஷினி நீட்டிய கையை மடக்கவில்லை. வேற்றுப் பிள்ளை எப்படி நீட்டுமோ அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. வை, வைத்துவிட்டுப் போ என்று அந்தக் கை கெஞ்சியது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. மலர்கொடி குனிந்து வரப்பின் மேல் ஒரு சிட்டிகை உப்பை வைத்து, எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டு நகரப் பார்த்தாள்.

டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. "கீழ போட்டுப் பொறுக்கிக்கச் சொல்றியா? ஏன், இந்தப் பொண்ணு கையத் தொட மாட்டியா நீ?" என்றாள். அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டன. சாதி பார்க்கிறவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதா? விருத்தாம்பாளானால் நின்றிருப்பாளோ என்னவோ.

"தொட மாட்டேனாங்க? பெத்தவ நான்" என்றாள் மலர்கொடி. "பெத்த பொண்ணு கையில எப்பிடிங்க உப்பு வெப்பேன்? சண்டை வந்துடுமே."

வரிசையின் கடைசியில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பிள்ளை கையை மெதுவாக மடக்கி, ஒன்றுமே வைக்காத கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது. முதல் ஆளாகப் போய் பஸ்ஸில் ஏறியது. என் கூடையைத் தாண்டித்தான் போனது. தெரியாத மாதிரி இருக்கிறேன் என்று நானும் மலர்கொடியிடம் சொல்லிவிட்டேனே, கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை மலர்கொடி எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மகள் வந்தது, பையைக் கீழே வைக்காமலே கேட்டதாம்: "அந்த உப்ப வெச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"சண்டை வந்திருக்கும்டி."

"இப்ப இன்னாம்மா வந்திருக்குது?"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு "மியூசியம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஏய் மியூசியம், ஸ்கேல் கொடு. ஏய் மியூசியம், தள்ளி உட்கார். அது துணிமணியை எடுத்துக்கொண்டு குயிலாப்பாளையத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. போன் போட்டால் எடுப்பதில்லை. மலர்கொடி கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். அத்தைக்காரி வாசலில் வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். பிள்ளை உள்ளே இருந்தது, செருப்பு வாசலில் கிடந்தது, வெளியே வரவில்லை.

சத்தியத்தை மீறிவிட்டாள், அந்த ஒரு சிட்டிகையை வைத்துத் தொலைத்திருக்கலாம் என்கிறார்கள். விருத்தாம்பாளை நான் கேட்கிறேன். போன வாரம் என் வீட்டுக்கு உப்பு வாங்க வந்தவள், கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எட்டி நின்றாள். நான் போட்ட பிறகுதான் வந்து எடுத்தாள். ஆயாவோடு சண்டை வந்துவிடக் கூடாதாம். கடலைக்காரியோடு வராத சண்டை பெற்ற மகளோடு வரலாமா? இதைக் குழாயடியில் கேட்டேன். குடம் நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதுவும் போதாதென்று காசிலிங்கம் ஒன்று செய்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் வேதனை. அன்றைக்கு எடுத்த படத்தைச் சென்னையில் இருக்கிற டிரஸ்ட்டுக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரு முறம் அகலத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, பாத்தியைப் பார்த்தபடி இருக்கிற உப்பு அறையின் வாசலில் மாட்டினார்கள். வரிசையாகக் கைகள், எல்லாவற்றிலும் உப்பு, நடுவில் ஒரு கை மட்டும் வெறுமனே. கீழே எழுதியிருந்ததைக் கடலை வாங்க வந்த ஒரு டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உப்பைக் கைமாற்றினால் சண்டை வரும் என்ற நம்பிக்கை உப்பளத் தொழிலாளர்களிடையே நிலவி வந்தது என்று போட்டிருக்கிறதாம். நிலவி வந்ததாம்.

இனிமேல் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் உன் மகள் கதையைச் சொல்லம்மா, டச்சிங்காக இருக்கிறது என்றார் காசிலிங்கம். மலர்கொடி படத்தை எடுத்துவிடச் சொன்னாள்.

"மொகம் தெரியலயேம்மா. வெறும் கைதான?"

"கை தெரியுதுங்களே சார்."

பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கதையைச் சொல்லவில்லை. அவருடைய ஆட்களே சொன்னார்கள். வருகிற பிள்ளைகள் அந்த வெறும் கையின் மேல் தங்கள் கையை வைத்து அளவு பார்க்கும். கண்ணாடி முழுக்கப் பிசுக்கு ஒட்டும். பஸ் போனதும் மலர்கொடி ஈரத் துணியால் அந்த ஒரு இடத்தைத் துடைப்பாள். கெடக்குது வுடு என்று இந்த விஷயத்தில் மட்டும் அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகள் வந்தன. மலர்கொடி பாத்தியிலிருந்து ஏறிக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உப்பு அறை வாசலில் ஒரு சின்னப் பெண், படத்துக்கு நேரே விரலை நீட்டி, "ஏய், இதான் மியூசியம் அக்காவோட கை" என்று மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியது. எல்லாம் ஓடி வந்து மொய்த்துக்கொண்டன.

மலர்கொடி ஈரக் காலோடு உள்ளே போனாள். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் படத்தை ஆணியிலிருந்து தூக்கினாள். காசிலிங்கம் ஓடி வந்து, அது மியூசியத்துச் சொத்தும்மா என்றார். "படம் ஒங்குளுதுங்க சார். கை எம்பொண்ணுது" என்றாள். பின்பக்க வழியாகத்தான் வேலைக்காரர்கள் போக வர வேண்டும். அவள் டிக்கெட் வாங்குகிறவர்கள் வருகிற முன்வாசல் வழியாக, டீச்சர்களும் பிள்ளைகளும் ஒதுங்கி வழிவிட, வேஷச் சேலையோடு இறங்கி வந்தாள். காசிலிங்கம் படிக்கட்டோடு நின்றுவிட்டார். படத்தைத் திருடிக்கொண்டு ஓடினாள் என்று இப்போது சொல்கிறார்களே, ஓடவில்லை. நடந்தாள். என்னையும் கடந்து போனாள். ரோட்டில் கார்கள் விட்டு விட்டு வந்தன. தார் கொதிக்கிற ஓரத்தில் நின்றாள். முந்தானையை உருவினாள். தன் தலைக்குப் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று பார்த்தேன். அந்தப் படத்தின் மேல் போட்டு, நடுவில் இருக்கிற அந்தக் கையில் வெயில் படாமல் இழுத்து மூடிக்கொண்டு, ரோட்டைக் கடந்தாள்.